ஜன்னல் வரிசை

அந்த ஆஸ்பத்திரியில் விடியும் நேரத்தில் கட்டில்கள் நகரும். தரையில் தண்டவாளம் பதித்திருந்தார்கள். சத்தமே வராது. பாதிப் பேர் தூக்கத்திலேயே இடம் மாறிவிடுவார்கள். கண் விழித்துப் பார்த்தால் நேற்று மலை தெரிந்த பக்கத்தில் இன்று சுவர் இருக்கும், அல்லது நேற்று சுவர் இருந்த பக்கத்தில் இன்று மலை இருக்கும்.

சேலத்தைத் தாண்டி ஏற்காடு மலைக்கு எதிரே அந்தக் கட்டடம் நின்றது. மூன்றாவது மாடி வார்டு ஒரு நீளமான கூடம். ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடியை ஒட்டினாற்போல் நீளவாக்கில் போட்ட கட்டில்கள் ஜன்னல் வரிசை. எதிர்ப்பக்கம் சுவரோரமாக இருப்பவை உள் வரிசை. நோயாளி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தால் சீக்கிரம் குணமாகிறார், வலி மருந்தும் குறைவாகக் கேட்கிறார் என்பது பழைய கண்டுபிடிப்பு. அதை நம்பி ஒரு சட்டமே வந்துவிட்டது. படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வெளிக்காட்சி தரப்பட வேண்டும், தேவைப்படும்வரை. அந்தக் கடைசி வார்த்தையின்மேல்தான் இந்தக் கட்டடமே நின்றது. ஜன்னல் குறைவு, நோயாளிகள் அதிகம். அதனால் யாருக்குத் தேவையோ அவர் ஜன்னலுக்கு வருவார், தேவை தீர்ந்தவர் உள்ளே போவார்.

உள் வரிசைக்குப் போனவர்கள் நாலைந்து நாளில் சுவரிலுள்ள கதவு வழியாக வெளியேறிவிடுவார்கள். அதனால் வார்டில் தானாகவே ஒரு வழக்கம் முளைத்திருந்தது. யாருடைய கட்டிலாவது உள்ளே நகர்ந்தால், அவர் வீட்டார் எல்லோருக்கும் லட்டு கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் லட்டு கொடுக்கிற ஜனங்களை வேறெங்கும் பார்க்க முடியாது.

அன்றைக்கு உள்ளே நகர்ந்திருந்தது அர்த்தநாரியின் கட்டில்.

"வந்துட்டியா கண்ணு?" மகளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா, உள்ள தள்ளிட்டாங்க. இனி நாலு நாள்ல வீடுதான். முதல்ல போயி லட்டு வாங்கியா. போன வாரம் உள்ள போச்சே நஞ்சம்மா, அவங்க வீட்டுல ஆளுக்கு ரெண்டு குடுத்தாங்க. நாம கொறச்சுக் குடுத்தா நல்லாருக்காது."

ஜன்னல் வரிசையிலிருந்து வேதமூர்த்தி கையை ஆட்டினார். தனிக்கட்டை, ஏதோ கம்பெனியில் கணக்கராக இருந்தவர். பார்க்க யாரும் வருவதில்லை. "குடுத்து வச்சவர் சார் நீங்க. நான் பாருங்க, இந்த மலையையே பாத்துக்கிட்டுக் கிடக்கேன். என்னை எவனும் உள்ள தள்ள மாட்டேங்கறான்."

தமயந்தி சிரிக்க முயன்றாள். அவளுக்கு இந்த வார்டின் ஒவ்வொரு மூலையும் தெரியும், ஏனென்றால் வரைந்தவளே அவள்தான். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் கட்டடக்கலை நிறுவனத்தில் இருந்தபோது போட்ட வரைபடம் இது. கூரையின் சாய்வு, ஜன்னலின் உயரம், எல்லாமே படுத்திருப்பவரின் கண்ணிலிருந்து கோடு இழுத்துத் தீர்மானித்தவை. அதற்காகவே ஒரு வாரம் காலிக் கட்டடத்தில் பாயைப் போட்டுப் படுத்துக் கிடந்தாள். உடன் வேலை செய்தவர்கள் கேலி செய்தார்கள்.

அதனால் அவளுக்கு வேறு ஒன்றும் தெரியும். உள் வரிசைக்கு இரண்டு வகை ஆட்கள் போவார்கள். இனி ஜன்னல் இல்லாமலே பிழைத்துக்கொள்பவர்கள் ஒரு வகை. ஜன்னல் இருந்தாலும் பிழைக்காதவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் ஒரே சுவர், ஒரே கதவு.

"இன்னிக்கு ஊசி போட்டாங்களாப்பா?"

"ஊசி எதுக்கு இனிமே? குணமாயிருச்சுல்ல. வலிக்கு மட்டும் ஒரு பட்டி ஒட்டியிருக்காங்க."

போர்வையை விலக்கி அவர் காலைப் பார்த்தாள். வீக்கம் வடியவில்லை. கண்ணில் மஞ்சளும் போகவில்லை. கெட்டுப்போன கல்லீரலை மறுபடி வளர வைக்கும் அந்தப் புது ஊசியை நம்பித்தான் அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தாள்.

நர்ஸ் ஜெசிந்தாவை வராந்தாவில் பிடித்தாள். "சிஸ்டர், நஞ்சம்மா வீட்டுக்குப் போயிட்டாங்களா?"

ஜெசிந்தா கையிலிருந்த மருந்துத் தட்டைப் பார்த்தாள். "கதவு வழியாப் போனாங்க மேடம்" என்றாள்.

*

கட்டில்களை இயக்கும் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த செங்கோடன் கட்டடம் கட்டும்போதே அவளுடன் வேலை பார்த்தவன். அவளைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"அப்பாவை ஏன் உள்ள எடுத்தீங்க?"

"நாங்க எடுக்கலீங்க மேடம். கட்டடம் எடுத்துச்சு."

"ஊசியை நிறுத்தினதும் கட்டடம்தானா? நான் போட்ட திட்டத்துல மருந்து சமாச்சாரமே கிடையாதே. ஜன்னல் மட்டும்தான் இருந்துச்சு."

செங்கோடன் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான். "நீங்க போனப்புறம் சேத்தாங்க. வெளியே ஆசையாப் பாக்கறவங்க உடம்புல மருந்து நல்லா வேலை செய்யுது, பாக்காதவங்க உடம்புல செய்யறதில்லைன்னு இத்தனை வருஷ அனுபவத்துல தெரிஞ்சுது. இந்த ஊசி எல்லாருக்கும் போடற அளவுக்கு வர்றதில்லைங்க. யாருக்குப் போட்டா பொழைப்பாங்களோ அவங்களுக்குப் போடுவோம்னு முடிவு பண்ணாங்க. தப்புன்னு எப்படிங்க சொல்றது?"

"யார் ஆசையாப் பாக்கறாங்கன்னு எப்படித் தெரியும்?"

"கட்டிலுக்கு மேல கண்ணைக் கவனிக்கற கேமரா இருக்குதுங்களே. நீங்க வச்சதுதான்."

"அது கண்ணு கூசினா திரையை இறக்கறதுக்கு வச்சதுய்யா!"

"அதேதாங்க. இப்ப இதுக்கும் ஆகுது."

அவன் திரையில் ஒரு கட்டிலின் படத்தைக் கொண்டுவந்தான். மேலிருந்து பார்த்த படம். ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் வார்டின் உள்பக்கம். நோயாளியின் பார்வை வெளியே போனால் பச்சைப் புள்ளி, உள்ளே போனால் சிவப்புப் புள்ளி. வேதமூர்த்தியின் கட்டில் வயலாட்டம் பச்சையாக இருந்தது. அர்த்தநாரியின் கட்டிலில் ஜன்னல் பக்கம் காலி.

"பாருங்க. மலைப் பக்கமே திரும்பலை. சாயங்காலமானா எல்லாப் புள்ளியும் ஒரே இடத்துல குமிஞ்சு கிடக்குது. காலையிலயும் அடிக்கடி அங்கதான் போகுது. வாழற ஆசை விட்டுப்போனவங்க இப்படித்தான் சுவத்தையே பாத்துக்கிட்டு இருப்பாங்கன்னு டாக்டருங்க சொல்றாங்க."

தமயந்தி அந்தச் சிவப்புக் குவியலையே பார்த்தாள். அது சுவர் இல்லை. கட்டிலின் தலைமாட்டிலிருந்து ஒரு கை தூரம், உள்பக்கம். அந்த இடத்தை அவளுக்கு நன்றாகவே தெரியும். பார்க்க வரும் உறவினர்களுக்கென்று அவள் ஒரு நாற்காலி வரைந்த இடம். ஜனங்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் ஜன்னலை மறைத்து உட்கார்ந்துவிடுவார்கள், நோயாளிக்கு அவர்களுடைய முதுகுதான் தெரியும் என்று வாதாடி, அதை உள்பக்கமாகத் தரையோடு திருகாணி போட்டு முடுக்க வைத்தவள் அவள். கட்டிலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஆள் நிற்க இடம் விடாததும் அவள் யோசனைதான். அந்த வருஷம் இந்த யோசனைக்காக அவளுக்கு ஒரு கேடயம்கூடக் கொடுத்தார்கள்.

"அங்க நான் உக்காந்திருக்கேன், செங்கோடன்."

அவன் படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். "கட்டடத்துக்கு அது தெரியாதுங்களே" என்றான் கடைசியில்.

"தெரிய வைங்க. பக்கத்துல உக்காந்திருக்கற மனுசங்களைப் பாக்கறதையும் பச்சைன்னு எடுத்துக்கச் சொல்லுங்க."

"எழுதி அனுப்பறேன். குழு கூடி, ஆராய்ஞ்சு, மாசக்கணக்குல ஆகும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு வேணா செய்யறேன். ஒரு தரம் திருப்பி ஜன்னலுக்குக் கொண்டாற எனக்கு அதிகாரம் இருக்கு. ஊசியும் வந்துரும். ஒரு மாசம் பாக்கும். அதுக்குள்ள பச்சை ஏறலைன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஜன்னல்ல இடம் காலியில்ல, அவருக்குப் பதிலா யாரோ உள்ள போவாங்க. யாருன்னு மட்டும் கேக்காதீங்க."

அவள் கேட்கவில்லை.

மறுநாள் காலை லட்டு கொடுத்துக்கொண்டு வந்தது கோடிக் கட்டிலில் இருந்த இளம்பெண்ணின் கணவன். எந்நேரமும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கட்டிலோர நாற்காலியிலேயே கிடந்தவன். "எடுத்துக்கங்கக்கா, இன்னொண்ணு எடுத்துக்கங்க" என்று தட்டை நீட்டினான். தமயந்தி ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

*

"என்ன கண்ணு, பழைய இடத்துக்கே கொண்டாந்துட்டாங்க?" அர்த்தநாரிக்கு மானம் போன மாதிரி இருந்தது. "பெயில் பண்ணிட்டாங்களா?"

"இன்னும் கொஞ்ச நாள் காத்தாட இருக்கட்டும்னு சொன்னாங்கப்பா. அந்த மலையைப் பாருங்களேன், மேகம் எப்படி இறங்குதுன்னு."

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். "பாத்தாச்சு" என்று மறுபடி இவள் பக்கம் திரும்பிவிட்டார்.

"நல்லாப் பாருங்கப்பா."

"அட போ கண்ணு. நாப்பது வருசம் லாரியில உக்காந்து கண்ணாடி வழியாத்தான் ஊரு உலகத்தைப் பாத்தேன். காஷ்மீர்ல பனி பாத்தாச்சு. அஸ்ஸாம்ல ரோட்டுக்குக் குறுக்க யானை நின்னு பாத்தாச்சு. வீட்டுக்கு வந்தா நீ தூங்கிட்டிருப்ப. நீ எந்திரிக்கறதுக்குள்ள லோடு ஏத்தப் போயிருவேன். உன்ற மூஞ்சியத்தான் உக்காந்து பாத்ததில்ல. உனக்கு இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்குதுன்னே இங்க வந்துதான் எனக்குத் தெரியும். எங்க விழுந்த?"

"பள்ளிக்கூடத்துல, ரெண்டாங் கிளாஸ்ல."

"பாத்தியா. மலை எங்க போயிரப் போகுது?"

தமயந்தி கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். காரணத்தைச் சொன்னால் லட்டின் கதையைச் சொல்ல வேண்டிவரும். உள்ளே போனவர்களில் எத்தனை பேர் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்ல வேண்டிவரும். சாகப்போகிறோம் என்று தெரியாமல் சந்தோஷமாக இருக்கிற மனுஷனிடம், பிழைக்க வேண்டுமானால் என்னைப் பார்க்காதே என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு நாள் போகாமலே இருந்து பார்த்தாள். சாயங்காலம் செங்கோடன் போன் செய்தான். "இன்னிக்கும் சிவப்புதாங்க மேடம். அதே இடம்." காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு அவர் பகல் முழுக்கக் காத்திருந்திருக்கிறார்.

அப்போதுதான் அவளுக்கு எதிரே இருந்த வாகன நிறுத்தக் கட்டடம் நினைவுக்கு வந்தது. வரைபடம் போட்ட காலத்தில் அவள் நிர்வாகத்தோடு சண்டை போட்டுத் தோற்றது அந்த ஒரு விஷயத்தில்தான். அதன் மொட்டைமாடி, படுத்திருப்பவரின் கண்ணுக்கு மலையின் அடிவாரத்தை மறைக்கும் என்று தலைதலையாக அடித்துக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை. இப்போது அந்த மொட்டைமாடியில் எந்த இடத்தில் நின்றால் எந்தக் கட்டிலுக்குத் தெரியும் என்று ஊரிலேயே அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மறுநாள் காலை ஒரு சிவப்புத் துண்டை வாங்கிக்கொண்டு அங்கே ஏறினாள். லாரியில் கம்பி ஏற்றினால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் கட்டுவார்களே, அந்தச் சிவப்பு. கைப்பிடிச் சுவரோரம் நின்று துண்டை வீசிக்கொண்டே ஜெசிந்தாவுக்குப் போன் போட்டாள். "சிஸ்டர், அப்பாவைக் கொஞ்சம் ஜன்னலைப் பாக்கச் சொல்லுங்க."

கண்ணாடிக்குப் பின்னால் அவர் தலை திரும்பியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கை மேலே எழுந்து, பின்னாலிருந்து முன்னால் வட்டமாகச் சுழன்றது. வழி காலியாக இருக்கிறது, முந்திக்கொண்டு போ என்று லாரிக்காரர்கள் பின்னால் வருகிற வண்டிக்குக் காட்டும் சைகை. அவள் சின்னப் பெண்ணாக வாசலில் நிற்கும்போது, கிளம்பிப் போகிற லாரியிலிருந்து அந்தக் கைதான் கடைசியாகத் தெரியும்.

ஜெசிந்தா போனை அவர் காதில் வைத்தாள். "அங்க என்ன பண்ற கண்ணு? மேல வா."

"ஏதோ தொத்து வியாதி பரவுதாம்ப்பா. யாரையும் உள்ள விடறதில்லை. நான் தினம் இங்க வர்றேன். நீங்க என்னையே பாத்துக்கிட்டிருங்க."

"வெயில்ல நிக்கறியே."

"குடை வச்சிருக்கேன்."

அன்றைக்குப் பச்சை ஏறியது. அடுத்த நாள் இன்னும் ஏறியது. ஊசி தொடர்ந்தது. அந்த வாரக் கடைசியில் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது என்று ஜெசிந்தா சொன்னபோது தமயந்திக்கு மொட்டைமாடியிலேயே துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. "அசந்து மறந்து உள்பக்கம் திரும்பினா கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி விடுங்க சிஸ்டர். ஒரு தலையணையை அண்டக் குடுத்தாப் போதும்" என்று கேட்டுக்கொண்டாள். அதற்குள் ஜெசிந்தாவுக்கு அவள் மேடம் போய் அக்கா ஆகியிருந்தாள். "நான் பாத்துக்கறேங்கக்கா" என்றாள் ஜெசிந்தா.

இந்த மாதிரி விஷயம் ரகசியமாக எத்தனை நாள் நிற்கும்? ஜெசிந்தாவுக்கு இரக்கம் அதிகம். ஒவ்வொரு வீட்டாரிடமும் காதோடு காதாகச் சொல்லிவிட்டாள். ஒருவர் இருவராக மொட்டைமாடிக்கு வர ஆரம்பித்தார்கள். ஒருத்தி பச்சைச் சேலையை ஆட்டினாள், ஒரு குடும்பம் கைக்குழந்தையைத் தூக்கிக் காட்டியது. தமயந்திதான் எல்லோருக்கும் நிற்கிற இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக் கொடுத்தாள். நிர்வாகத்துக்குத் தெரிந்ததும் விரட்டுவார்கள் என்று பயந்தார்கள். விரட்டவில்லை. பந்தல் போட்டு, குடிதண்ணீர் வைத்து, 'உறவினர் காட்சி மேடை' என்று பலகையும் மாட்டிவிட்டார்கள்.

"வார்டே பச்சையா இருக்குங்க மேடம்" என்று செங்கோடன் பூரித்துப் போனான். "வெளியூர் ஆஸ்பத்திரிக்காரங்க வந்து பாத்துட்டுப் போறாங்க. எல்லா இடத்துலயும் இதே மாதிரி மேடை கட்டப் போறாங்களாம்."

மூன்றாம் மாடியில் திருகாணி போட்ட நாற்காலிகள் எல்லாம் காலியாக இருந்தன.

*

வேதமூர்த்தி உள்ளே நகர்ந்து, நிஜமாகவே குணமாகி, தன் பையைத் தானே தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். போகும் வழியில் மொட்டைமாடிக்கு ஏறி வந்தார்.

"உங்கப்பா உங்களைப் பத்தித்தான் பேசுவாரும்மா. தூக்கம் வராதப்ப கையை நீட்டி அந்த நாற்காலியைத் தொட்டுப் பாப்பாரு." பையைக் கீழே வைத்தார். "எனக்கு யாரும் வரலைங்கறதாலதான் நான் பொழைச்சேன்னு சிஸ்டர் சொல்றாங்க. சந்தோசப்படறதா என்னன்னு தெரியல."

அவர் போனபிறகு தமயந்தி வெகுநேரம் துண்டை வீச மறந்து நின்றாள். மேலே போய் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டு வர வேண்டும் என்று அடித்துக்கொண்டது மனசு. ஆனால் ஒரு மாசக் கெடு முடிய ஒரு நாள்தான் பாக்கி. இப்போது போய்க் காரியத்தைக் கெடுப்பானேன்? நாளைக்கு ஒரு நாள் தாண்டட்டும், அப்புறம் நாள் முழுக்க அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துகொள்ளலாம், அந்தத் தழும்பின் கதையை முழுசாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததுமே வந்து நின்றாள். அவர் முகம் ஏற்கெனவே ஜன்னல் பக்கம் இருந்தது. துண்டை வீசினாள். கை எழவில்லை. களைப்பாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் பார்வையை எடுக்கவேயில்லை. மற்ற நாட்களில் நடுநடுவே முகம் உள்ளே போய்விடும், ஜெசிந்தா வந்து திருப்பிவிடுவாள். இன்றைக்கு இவளையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் வலிக்க வலிக்க வீசினாள். குடையைக்கூடக் கீழே வைத்துவிட்டாள்.

மத்தியானம் செங்கோடன் கூப்பிட்டான். "மேடம், ஜெயிச்சுட்டீங்க! இன்னிக்கு உங்கப்பாவுக்குக் காலையில இருந்து எல்லாம் பச்சை. இந்த வார்டுலயே இப்படி யாருக்கும் வந்ததில்லை. கெடுவை எடுத்தாச்சு. இனி அவரை யாரும் உள்ள தள்ள முடியாது."

தமயந்தி வாய்விட்டு அழுதாள். கீழே ஓடிப்போய் லட்டு வாங்கிக்கொண்டு வந்து பந்தலில் இருந்த எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டாகக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு மறுபடி வீசினாள். ஜெசிந்தாவின் போன் வந்தபோது ஒரு கையில் துண்டு இருந்தது.

"அக்கா, மேல வாங்க. சீக்கிரம் வாங்க."

அவள் ஓடினாள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினாள். வார்டுக்குள் நுழையும்போதே ஜெசிந்தா நின்ற விதத்தில் தெரிந்துவிட்டது.

கட்டில் ஜன்னலோரம்தான் இருந்தது. அர்த்தநாரியின் கண்கள் பாதி திறந்தபடி மலையைப் பார்த்திருந்தன. தலைக்கு இரண்டு பக்கமும் தலையணைகள் இறுக்கமாகச் செருகியிருந்தன.

"விடியக்காலையில இருந்தே நினைவு சரியா இல்லக்கா" என்றாள் ஜெசிந்தா அழுதுகொண்டே. "அப்பவே சொல்லலாம்னுதான் இருந்தேன். டாக்டர் வந்து தலைமாட்டு விளக்கைப் பாத்துட்டு, பச்சையாத்தானே இருக்கு, ஊசியை விடாமப் போடுன்னுட்டுப் போனாரு. எனக்கு ரெண்டு வார்டுக்கா. வந்து பாக்கறப்பல்லாம் தலை நாற்காலிப் பக்கமே சாஞ்சு கிடந்துச்சு. கண்ணு தெரிஞ்சு திரும்பினாரா, இல்ல தலைதான் சும்மா சாஞ்சுச்சான்னு எனக்குத் தெரியலக்கா. கடைசி நாளாச்சே, மார்க் கொறஞ்சா உள்ள தள்ளிருவாங்களேன்னு, நீங்க சொன்ன மாதிரியே திருப்பித் திருப்பி வச்சேன். அப்புறம் ரெண்டு தலையணையா வச்சு நிறுத்திட்டேன். அங்கிருந்து பாக்க உங்களைப் பாக்கற மாதிரி இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு சிஸ்டர்."

தமயந்தி தலையணைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். அவர் தலை மெதுவாக உள்பக்கம் சாய்ந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை நாள் தூசி அதில் படிந்திருந்தது. அவர் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய், புருவத்தின் மேல் விழுந்த முடியை ஒதுக்கி, தழும்பு தெரியும்படி வைத்துக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்து மாடிப்படியில விழுந்தேன்ப்பா" என்றாள். "நீங்க லோடு எடுத்துட்டுப் போறீங்கன்னு யாரோ சொன்னாங்க. மேல நின்னா ரோட்டுல உங்க லாரி தெரியும்னு ஓடினேன்."

தலைமாட்டில் எரிந்த பச்சை விளக்கு சிவப்பாக மாறியது. விடியலுக்குக் காத்திராமல் கட்டில் சத்தமில்லாமல் நகர ஆரம்பித்தது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை நீண்டு, பிறகு விரல்கள் மட்டும் மிஞ்சி, பிறகு அதுவும் விட்டுப்போனது. கட்டில் உள் வரிசையைத் தாண்டிக் கதவை நோக்கிப் போனது. எதிர் மொட்டைமாடியில் ஜனங்கள் இன்னும் துணிகளை வீசிக்கொண்டிருந்தார்கள். அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போகப் பார்த்தாள். அது அசையவில்லை.